ஆடியில் ஒரு ஜனவரி

கேக்கின் நடுவில் ஒன்பது என்று எண் போட்ட மெழுகுவர்த்தியைக் குத்திவிட்டு, "ஊதும்மா" என்கிறார் துல்கர்னைன். ஷிஃபா உதட்டைப் பிதுக்குகிறாள். "அதான் நவம்பர்லயே ஊதியாச்சே வாப்பா!" இது ஆடி மாதம். வெளியே சாரல் நசநசவென்று பெய்கிறது. மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. "நீ கன்னத்தை உப்புன நேரத்துல போன்ல நெட்டு போயிட்டு. எட்டு மாசமா எங்கண்ணுல நீ உப்புன கன்னத்தோடயே நிக்கே. அணைஞ்சுதா அணையலையான்னு எனக்குத் தெரியாண்டாமா? ஊது." பிள்ளை வேண்டாவெறுப்பாக ஊதினாள். சுடர் அணைந்ததும் அவர் விட்ட பெருமூச்சைப் பார்த்து, கேக்குக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்ற எனக்கே நிம்மதியாகிவிட்டது.

தென்காசியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. அங்கே மீன் பொரித்தால் இங்கே எங்கள் வீட்டில் சோறு கூடுதலாகச் செலவாகும், அவ்வளவு நெருக்கம். ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. அதையும் குற்றாலம் சீசன் பார்த்துத்தான் எடுப்பார். லீவில் வருகிற மற்ற ஆட்கள் தூங்குவார்கள், கல்யாண வீடுகளுக்குப் போவார்கள், இடம் பார்ப்பார்கள். இவருக்கு அதெல்லாம் ஆகாது. தாம் இல்லாத நேரத்தில் வீட்டில் என்னென்ன நடந்ததோ அத்தனையையும் திரும்ப நடத்திக் காட்டச் சொல்வார். பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா, விளையாட்டு விழா எல்லாம் உண்டு. ஷிஃபாவுக்குப் பல் விழுந்ததை மட்டும் மறுபடி நடத்த வழியில்லாமல், அவர் மனைவி ஜாஹிரா அந்தப் பல்லைத் தீப்பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்து காட்டினார்.

பெருநாளுக்கு மட்டும் விலக்கு. "அது அல்லாவோட கணக்கு அண்ணாச்சி. அதுல நாம கை வைக்கப்படாது" என்பார் பக்தியோடு. அப்படியென்றால் பெருநாள் பிரியாணி? "அது ஜாஹிரா கணக்குல்லா!"

பதினொரு மாதம் செல்போனில் குடும்பம் நடத்தியதில் அவருக்குச் சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. பிள்ளைகளைப் பார்க்கும்போது கண்ணை இமைக்க மாட்டார். இமைத்தால் படம் போய்விடுமாம். எதிரே உட்கார்ந்து இட்லி தின்னும் மகனிடம், "ஹலோ, கேக்குதா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். யாராவது இரண்டு நொடி அசையாமல் நின்றால் பதறிப்போய் முகத்துக்கு நேரே கையை ஆட்டுவார். போன வருடம் தொழுகை முடிந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மாமனாரையே பிடித்து உலுக்கிவிட்டார். அந்தப் பெரியவர் இன்றுவரை இவர் வந்தால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்த ஆடியில் அவர் முதலில் போய் நின்றது மகன் ஆதிலின் பள்ளியில். ஆதில் இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன வருட வகுப்பாசிரியை மங்களேஸ்வரியைத் தேடிப் பிடித்து, அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்தை மறுபடி நடத்தச் சொல்லியிருக்கிறார். "சார், இப்ப நல்லாத்தான் படிக்கான்" என்று அந்த அம்மாள் சொல்லிப் பார்த்திருக்கிறார். "இப்ப படிக்கது இருக்கட்டும் டீச்சர். அன்னைக்கு என்னல்லாம் ஏசுனியளோ அதை ஏசிருங்க. நானும் வாங்கிக்கிடணும்லா." டீச்சருக்கு முதலில் கூச்சம். பிறகு சூடு பிடித்துக்கொண்டு, அன்றைக்கு விட்டுப்போனதையும் சேர்த்து ஏசினாராம். சாயங்காலம் வீட்டில் சத்தம். "அரையாண்டுல கணக்குல ஏன்லே முப்பத்தெட்டு?" "வாப்பா, முழுப்பரீட்சைல எழுவத்தொண்ணு எடுத்தாச்சு!" "அதுக்கு நாளைக்குப் பாராட்டுதேன். இன்னைக்கு அரையாண்டு."

ஆண்டுவிழாவுக்குச் சிறப்பு விருந்தினர் எப்போதும் நான்தான். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். தெருவில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை வைத்திருக்கும் ஒரே ஆள். அது ஒன்றே தகுதி. மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, எனக்குப் பொன்னாடை என்று ஒரு பூத்துவாலையும் போர்த்தினார்கள். ஷிஃபா கத்தரிக்காய் வேடத்தில் வந்து காய்கறிகளின் நன்மை பற்றிப் பேசினாள். எட்டு மாதத்தில் பிள்ளை வளர்ந்திருந்தாள், கத்தரிக்காய் வளரவில்லை. பாதிப் பேச்சில் முதுகுப் பக்கம் பிரிந்துவிட்டது. துல்கர்னைன் கைதட்டிய தட்டில் எதிர்வீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று வெளியே வந்து பார்த்தார்கள்.

அதற்கடுத்துக் குற்றாலத்தில் குடும்பத்தோடு குளிக்க வேண்டும். மெயினருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். அவரும் ஆதிலும் இங்கே, ஜாஹிராவும் ஷிஃபாவும் அங்கே, நடுவில் விசில் ஊதும் போலீஸ். அருவிச் சத்தத்தை மீறி, "ஜாஹிரா, கேக்குதாட்டி?" என்று இவர் கத்த, அந்தப் பக்கத்திலிருந்து யார் யாரோ பெண்கள் "கேக்குது!" என்று பதில் சொன்னார்கள். திரும்பி வரும்போது வழியில் கண்டவர்களிடமெல்லாம், "குடும்பத்தோட குளிச்சோம்லா" என்று பெருமை.

எல்லாம் சிரிப்புத்தான், இந்த ஓட்டப்பந்தயம் வரும்வரை.

ஜனவரியில் நடந்த விளையாட்டு விழாவில் இருநூறு மீட்டரில் ஆதில் முதலாவதாக வந்தான். இந்தக் குடும்பத்தில் எவரும் எதிலும் முதலாவதாக வந்தது அதுதான் முதல் தடவை. ஜாஹிரா செல்போனைத் தூக்கிப் பிடித்து ஷார்ஜாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மகன் முன்னால் வருவதைக் கண்டதும் தன்னை மறந்து துள்ளிவிட்டார். துல்கர்னைன் பார்த்தது கொஞ்சம் ஆகாயம், அதற்கப்புறம் ஜாஹிராவின் செருப்பு. "எம்மவன் ஜெயிச்சான்னு ரூம்ல எல்லாத்துக்கும் அல்வா வாங்கிக் குடுத்தேன் அண்ணாச்சி. எப்படி ஓடுனான்னு கேக்கானுவ. நான் என்னத்தைச் சொல்ல? செருப்பு நல்ல செருப்பு, போன பெருநாளைக்கு எடுத்ததுன்னா சொல்ல முடியும்?"

ஆகவே பந்தயம் திரும்ப நடக்க வேண்டும். அதே மைதானம், அதே பையன்கள். பி.டி. ஆசிரியர் செந்தில்வேலைப் பிடித்துச் சம்மதம் வாங்கிவிட்டார். அன்று ஓடியவர்களில் ஒருவன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டான் என்றதும், "அவன் ஓடுன கோட்டைக் காலியா விட்ருங்க சார், அப்பந்தாம் சரியா இருக்கும்" என்றார். செவ்வாய்க்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆதில் சுவரேறிக் குதித்து என்னிடம் வந்தான். "மாமா, வாப்பாகிட்ட எப்படியாச்சும் சொல்லி நிப்பாட்டுங்க."

"ஏன்லே?"

"அன்னைக்கு ரெண்டாவதா வந்தாம்லா மாரிராஜ், அவன் டெய்லி கிரவுண்டுக்குப் போறான். ஒரு சாண் வளந்துட்டான். நான் தோத்துருவேன்."

"தோத்தா என்னலே? கப்பு உங்கிட்டதான இருக்கு?"

பையன் சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றான். "நான் ஓடி வாப்பா பாத்ததே இல்ல மாமா. பாக்குத ஒரே தடவையும் தோக்கதயா பாக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. உடனே போய்ச் சொன்னேன். காதில் வாங்கினால்தானே! "அதெல்லாம் ஜெயிப்பான் அண்ணாச்சி. நீங்க வெள்ளைச் சட்டையைத் தேச்சு வைங்க" என்று முடித்துவிட்டார்.

ஜாஹிரா வேறு வழியில் போனார். சனிக்கிழமை மத்தியானம் மாரிராஜை வீட்டுக்குக் கூப்பிட்டு, பிரியாணி வைத்து, "நாளைக்கு மட்டும் கொஞ்சம் பைய ஓடுய்யா" என்று கேட்டிருக்கிறார். பயல் தலையை ஆட்டிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். எலும்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அன்றைக்கு அந்த அம்மாள் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. ஷிஃபாவின் சிவப்பு முடி ரிப்பன்களை முடிச்சுப் போட்டு, எல்லைக்கோட்டில் ஒரு முனையை நானும் மறுமுனையை துல்கர்னைனும் பிடித்துக்கொண்டோம். ஜாஹிரா வழக்கம்போல் செல்போனை எடுத்தார். "அதை உள்ள வையி," என்றார் அவர். "இன்னைக்கு எதுக்கு அது? நான்தாம் இங்கன நிக்கேன்லா." சொல்லிவிட்டுக் கண்ணை ஒரு தடவை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

செந்தில்வேல் விசில் ஊதினார். முதல் வளைவு வரைக்கும் ஆதில் முன்னால்தான் இருந்தான். ஜாஹிரா துள்ளினார். ஒரு செருப்பு தனியாகப் போய் விழுந்தது. அப்புறம் மாரிராஜ் காலை நீட்டினான். அது பிரியாணி தின்ற கால் மாதிரியே இல்லை. ஆதிலைத் தாண்டி, திருப்பூருக்குப் போனவனின் காலிக் கோட்டையும் தாண்டி, நேரே வந்து ரிப்பனை நெஞ்சோடு வாரிக்கொண்டு போனான். திரும்பி வந்து ஜாஹிராவின் முகத்தைப் பார்க்க முடியாமல், "பைய ஓடணும்னுதாம் நெனச்சேன் ஆன்ட்டி. காலு கேக்கல" என்றான்.

ஆதில் எல்லைக்குச் சற்று முன்னால் அப்படியே நின்றுவிட்டான். முழங்காலில் கையை ஊன்றி, தலையைத் தொங்கப் போட்டு, துளி அசைவில்லை. பின்னால் வந்த பையன்கள் ஒவ்வொருவராக அவனைக் கடந்து வந்து கோட்டைத் தாண்டினார்கள். அவன் நிமிரவே இல்லை. எனக்கு அந்த ஆளின் மேல் கோபம் கோபமாக வந்தது. கப்பு வாங்கிச் சந்தோஷமாக இருந்த பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து தோற்க வைத்துவிட்டாயே பாவி மனிதா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"ஹலோ! ஆதில்! கேக்குதா?"

யாரும் சிரிக்கவில்லை. துல்கர்னைன் போய், மாரிராஜின் வேர்த்த சட்டையில் ஒட்டிக் கிடந்த ரிப்பனை உருவினார். ஒரு முனையை அவன் கையிலேயே கொடுத்து, "பிடிலே மக்கா" என்றார். மாரிராஜ் மூச்சு வாங்கிக்கொண்டே பிடித்தான். மறுமுனையோடு இவர் பழைய இடத்துக்கு வந்து நின்றார். தொய்ந்திருந்த ரிப்பன் மறுபடி விறைத்தது.

"ஏலே, கேக்குதா?"

ஆதில் தலையைத் தூக்கினான். கோட்டின் மேல் ரிப்பன் இருந்தது. வாப்பா இருந்தார்.

"கேக்குது வாப்பா."

"நீ நல்லாத் தெரியுத. வா."

பையன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினான். ரிப்பன் அவன் நெஞ்சில் பட்டு அறுகிறவரை துல்கர்னைன் கண்ணை இமைக்கவே இல்லை.