முழுக்கைச் சட்டைக்காரர்

பொய்யைக் கண்டுபிடிப்பதற்குத்தான் மோகன்ராஜுக்குச் சம்பளம். எழும்பூரில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. வண்டி மோதிவிட்டது, கை முறிந்துவிட்டது என்று வருகிறவர்களை விசாரித்து, நடந்தது நிஜமா ஜோடனையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சேலையூர் ஏரிப் பக்கம் இருந்த நிலமெல்லாம், அப்பா யாரையோ நம்பிக் கையெழுத்துப் போட்டதில் பங்காளிகளிடம் போனது. அதைப் பார்த்து வளர்ந்தவர். "இவர் வாழைப்பழத்தைக்கூட உரிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குவாரு" என்பாள் அவர் மனைவி கீதா.

கிரிக்கெட்டிலும் அவர் அப்படித்தான். தாம்பரத்திலிருந்து தினமும் காலையில் ஏறுகிற பீச் மின்சார ரயிலில், ஜன்னலோர இருக்கைகளில் ஒரு சின்னக் கூட்டம் கூடும். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் யார் என்பதுதான் பேச்சு. சைதாப்பேட்டையில் பி.டி. மாஸ்டராக இருக்கும் ஜெபராஜ், கோப்பை ஜெயித்துக் கொடுத்தவன்தான் பெரியவன் என்பார். மோகன்ராஜுக்குக் கழித்தல் கணக்கு. சொந்த ஊர் ஆடுகளத்தில் அடித்தது கழிவு. சொத்தை டீமிடம் அடித்தது கழிவு. கேட்ச் விட்டுப் பிழைத்தது கழிவு. இப்படிக் கழித்துக் கழித்து, அவருடைய உலக அணியில் இதுவரை நான்கு பேர்தான் தேறியிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர் சாம்பசிவன். ரிட்டயர் ஆனவர், மாம்பலத்தில் மகள் வீட்டுக்குத் தினமும் போய் வருபவர். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "நானும் மெட்ராஸ் லீக்ல ஃபர்ஸ்ட் டிவிஷன் ஆடியிருக்கேன். ஒரு சீசன். ஆஃப் ஸ்பின்" என்றார். அன்றிலிருந்து அவர் சொல்வதுதான் தீர்ப்பு என்றாகிவிட்டது. ஒரு பேட்ஸ்மேன் பெரியவனா என்று எப்படிப் பார்ப்பது என்று ஜெபராஜ் கேட்டால், "முதல் பந்துல அவன் கால் எங்க போகுதுன்னு பாருங்க, போதும்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். மோகன்ராஜ் மட்டும் ஆட்டமாட்டார்.

அவர் அந்த மனுஷரைக் கவனித்தார். எந்த டீம் என்று கேட்டால், "அந்த டீமே இப்ப இல்லையே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார் சாம்பசிவன். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். கூட ஆடியவர் என்று ஒரு பேர்கூட வாயிலிருந்து வராது. ஆபீஸில் இப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால் மோகன்ராஜ் கதவைச் சாத்திவிட்டு முதலிலிருந்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் இலங்கை ஸ்பின்னர் முரளிதரன் பேச்சு வந்தது. "அவரை நான் மொத்தமாவே கழிச்சுட்டேன்" என்றார் மோகன்ராஜ். "அது பௌலிங்கா? மாங்கா அடிக்கிற மாதிரி எறியறது."

"அவர் கையை லேப்ல வச்சுப் பாத்து, சரின்னு சொல்லிட்டாங்களே" என்றார் சாம்பசிவன்.

"லேப்ல எவன் சார் எறிவான்? நல்ல பிள்ளையாத்தான் போடுவான்."

சாம்பசிவன் சட்டைக் கைப் பட்டனைத் திருகிக்கொண்டே மாம்பலம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அது மோகன்ராஜின் சந்தேகத்தை இன்னும் கிளறிவிட்டது.

பல்லாவரத்தில் பழைய லீக் அம்பயர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அவரைத் தேடிப் போனார். அந்தப் பெரியவர் நெற்றியைத் தேய்த்து யோசித்தார். "ஆஃப் ஸ்பின் போட்ட சாம்பசிவனா? அப்படி யாரும் ஒரு சீசன் ஆடுனதா ஞாபகம் இல்லியேப்பா."

அது போதும் மோகன்ராஜுக்கு. திங்கட்கிழமை வண்டி கிளம்பியதுமே எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார். "சார், நான் விசாரிச்சுட்டேன். நீங்க லீக் ஆடவே இல்ல. எதுக்கு சார் இந்த வயசுல பொய்?"

சாம்பசிவன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். குரோம்பேட்டையில் வண்டி நின்றதும் எழுந்து இறங்கிவிட்டார்.

"உனக்கு நிம்மதியா மோகன்?" என்று கேட்ட ஜெபராஜ், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் சாம்பசிவன் வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் வரவில்லை. நான் கேட்டதில் என்ன தப்பு என்று மோகன்ராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும், வண்டியில் யாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை. சனிக்கிழமை மாலை போன் வந்தது. "மோகன், நாளைக்குக் காலைல ரயில்வே கிரவுண்டுக்கு வாங்க. ஜெபராஜையும் பேட்டோட வரச் சொல்லியிருக்கேன்" என்றார் சாம்பசிவன்.

இதிலும் ஏதோ உள்குத்து இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் மோகன்ராஜ் போனார். ஆடுகளத்தின் ஓரம் நின்றிருந்த சாம்பசிவன், வலது கைச் சட்டையின் பட்டனைக் கழற்றி மேலே சுருட்டினார். கையை முன்னால் நீட்டினார். நீளவில்லை. முழங்கையில் மடங்கியபடியே நின்றது.

"சின்ன வயசுல வேப்பமரத்துலேர்ந்து விழுந்தேன். சரியா கட்டல. அப்பலேர்ந்து முழுசா நீட்ட வராது" என்றார். "ஒரு சீசன்னு சொன்னது பொய்தான். ஆடுனது ஒரே மேட்ச். ரெண்டாவது ஓவர்ல ஸ்கொயர் லெக்ல நின்ன அம்பயர், எறியறேன்னு நோ பால் குடுத்தாரு. மறுபடியும் குடுத்தாரு. கேப்டன் பந்தை வாங்கிக்கிட்டாரு. அதோட சரி."

மோகன்ராஜ் குனிந்து அந்த முழங்கையைப் பார்த்தார்.

"மடங்குன கை மடங்குனபடியே வந்தா தப்பில்ல. மடங்குனது நிமிர்ந்தாத்தான் எறியறது. பந்து போடறப்ப என் கை கொஞ்சமாவது நிமிருதா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீங்கதான் பொய் புடிக்கிறவராச்சே. அங்க போய் நின்னு பாத்துச் சொல்லுங்க."

மோகன்ராஜ் போனை எடுத்தார். ஸ்லோ மோஷனில் எடுத்தால் தெரிந்துவிடும்.

"போன் வேணாம். அன்னிக்கு அந்த அம்பயர்கிட்ட இல்ல. கண்ணால பாருங்க."

மோகன்ராஜ் பேட்டிங் முனைக்குப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் போய் நின்றார். ஜெபராஜ் பேட்டை ஊன்றி நின்றார். சாம்பசிவன் நாலடி நடந்து வந்து போட்டார். பந்து மெதுவாகத்தான் வந்தது. விழுந்து, சடக்கென்று உள்ளே திரும்பி ஜெபராஜின் தொடையில் மோதியது. கை நிமிர்ந்த மாதிரி இருந்தது மோகன்ராஜுக்கு. அடுத்த பந்தில் இல்லவே இல்லை என்று தோன்றியது. மூன்றாவதைக் குனிந்து நின்று பார்த்தார். நான்காவதுக்கு இமைக்காமல் பார்த்ததில் கண்ணில் நீர் கட்டியது. எத்தனையோ பேரின் கட்டுப்போட்ட கையைப் பார்த்து ஒரே நிமிஷத்தில் முடிவு சொன்ன கண்கள் அவை. அந்த வெயிலில், பழைய பேன்ட்டின் காலை மடித்துவிட்டு மூச்சு வாங்க நிற்கிற அந்த மனிதரிடம் எந்தத் தப்பும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த ஆசையையும் அவர் நம்பவில்லை.

ஓவர் முடிந்தது. சாம்பசிவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார்.

"தெரியல சார்" என்றார் மோகன்ராஜ். "நிஜமாவே தெரியல."

சாம்பசிவன் பேன்ட்டின் மடிப்பை அவிழ்த்துவிட்டார். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டு, "அன்னிக்கு அந்த அம்பயரும் இதைச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஜெபராஜ் தொடையைத் தேய்த்துக்கொண்டே, "எறிஞ்சாரோ போட்டாரோ, எனக்கு ஒண்ணுகூட புரியல மச்சான்" என்றதில் மூவரும் சிரித்துவிட்டார்கள். மேம்பாலத்துக்குக் கீழே டீ குடித்தார்கள். மறுநாளே வண்டியில் வர வேண்டும் என்று மோகன்ராஜ் கேட்டுக்கொண்டார். சாம்பசிவன் பார்க்கலாம் என்றார், வரவும் செய்தார்.

அன்று டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் மோகன்ராஜ் கீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மீன் அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மரத்துலேர்ந்து விழுந்த கதையாவது நிஜமா?"

"கேக்கல" என்றார் மோகன்ராஜ்.