பேரேட்டின் முதல் பக்கம்

விற்பனை வரி அதிகாரிகள் ஒரு கடையின் பேரேட்டை எடுத்துப் போனால், அதில் பெயர் உள்ளவர்களையும் பக்க வரிசைப்படி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று எட்டு வயதில் நான் நம்பினேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

காஞ்சிபுரத்தில் எங்களுக்குப் பட்டு வியாபாரம். வீட்டின் முன்கட்டுதான் கடை. சரஸ்வதி பூஜையன்று புதுப் பேரேட்டுக்கு மஞ்சள் வைத்து, முதல் பக்கத்தில் என் பெயரெழுதி ஒரு ரூபாய் வரவு வைப்பது அப்பாவின் வழக்கம். கடைக்குட்டிக்குக் கைராசியாம். நெசவுக்காரர்களின் பெயரெல்லாம் எனக்குப் பின்னால்தான். அந்தப் பெருமை, நான்கு அதிகாரிகள் உத்தரவோடு வந்து நின்ற நாளில் பயமாக மாறியது.

அப்பா சாவிக்கொத்தை நீட்டிவிட்டு, அவர்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். நான் சித்தப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர்.

"மொதல்ல பேரேட்ட எடுத்துக்கினு போவாங்க. அப்பால அதுல பேரு இருக்கிறவங்கள. மொதப் பேரு உன்னுதுதானே? துணிமணி எடுத்து வச்சிக்கபா."

அதிகாரிகள் உள்ளே சேலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த பேரேட்டின் முதல் பக்கத்தைக் கிழித்துக் கால்சட்டைப் பையில் திணித்தேன்.

பெரிய அதிகாரி திரும்பி வந்து பேரேட்டைப் பிரித்தார்.

"என்ன முதலாளி, ரெண்டாம் பக்கத்துலருந்து ஆரம்பிக்குது?"

"காலையிலகூட இருந்துதுங்க சார்..."

"நாங்க வந்ததும் காணாமப் போச்சா?"

அதுவரை நிதானமாக இருந்த அப்பா மேசைக்கடியில் குனிந்து தேட ஆரம்பித்தார். பரண்மேல் இருந்த பழைய பேரேடுகளையும் இறக்கிக் கட்டச் சொன்னார் அதிகாரி. அம்மா என்னைப் பார்த்தாள்.

"டேய், பையில என்னாடா பொடச்சிக்கினு இருக்குது?"

அழுதபடி எடுத்து நீட்டினேன். "என்ன உட்டுடுங்க சார், நான் ஒரு ரூவாதான் குடுத்தேன்!" தாள் நனைந்திருந்தது. வியர்வை என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

அதிகாரி அதை விரல்நுனியில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு பறிமுதல் பட்டியலின் கடைசியில் எழுதினார்: 'கிழிந்த தாள் ஒன்று, சிறுவனின் கால்சட்டைப் பையிலிருந்து.' பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சித்தப்பாவைத் தெருவிலேயே காணோம்.

மூன்று வாரம் கழித்து அப்பா ரசீதைக் காட்டி எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வந்தார். அவர்கள் சரிபார்க்க வந்தது, எங்களிடம் சேலை வாங்கிய வேறொரு கடையின் கணக்கை. நான் அந்தப் பக்கத்தைக் கிழிக்கும்வரை அப்பாவை யாரும் சந்தேகப்படவே இல்லை.