மாதையன் திரும்பக் கேட்ட கையெழுத்து

பாப்பாரப்பட்டி காய்கறி மண்டியில் மாதையன் ஏலம் கூவத் தொடங்கினால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிப்பவர்களுக்கும் தக்காளி விலை தெரிந்துவிடும். இருபத்தாறு வருடமாக அவர் வேலை அதுதான். ஓரிடத்தில் நிற்க மாட்டார். பெட்டிக்குப் பெட்டி தாவிக்கொண்டே மூச்சுவிடாமல் விலையை ஏற்றுவார்.

போன ஆவணியில் அவர் கழுத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. சோறு விழுங்கும்போது அடைத்தது. ஊசி குத்திச் சோதித்தும் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று பிடிபடவில்லை. தர்மபுரியில் ஒரு மருத்துவமனையில், தைராய்டு சுரப்பியில் பாதியை எடுத்துவிடலாம் என்றார்கள்.

சேர்ந்த அன்று காலையிலேயே நர்ஸ் காகிதங்களோடு வந்தாள். மறுநாள் ஆபரேஷன்.

"இங்க ஒண்ணு போடுங்கண்ணா. கீழ ஒண்ணு. பின்னாடி ரெண்டு."

"என்னங்க சிஸ்டர் எழுதியிருக்குது?"

"ஆபரேஷனுக்குச் சம்மதம்னுதான். எல்லாரும் போடறதுதாங்க."

மாதையன் நாலு இடத்திலும் போட்டார். எட்டாவது வரை படித்தவர். ஆனால் அந்தப் பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டும், அது மண்டியிலேயே கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த தையல்காரர் நூர் பாஷா, தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நர்ஸ் எடுத்துப் போவதற்குள் காகிதத்தை வாங்கினார். மயக்க மருந்து, ரத்தப்போக்கு என்று படித்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றார்.

"குரல் நரம்பு பாதிக்கப்பட்டு, குரல் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ மாறலாம்னு போட்டிருக்குதுண்ணா."

"இன்னொரு தடவ படிங்க பாய்."

பாய் படித்தார். மாதையன் ஜன்னல்வரை நடந்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மனைவி ராமக்காள் டிபன் வாங்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். கிளம்பிக்கொண்டிருந்த பென்னாகரம் பஸ்ஸில் ஏறினார்.

சீட் காலியாக இருந்தும் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள்ளேயே விலை கூவிப் பார்த்தார். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். இண்டூர் நெருங்குவதற்குள் போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நாலாவது தடவை எடுத்தார்.

"எங்கங்க போனீங்க? டாக்டரம்மா தேடறாங்க."

"எனக்கு வேணாம் புள்ள. குரல் போயிருமாம்."

"வேணாம்னா அவங்ககிட்டயே சொல்லிட்டு வாங்க. திருடனாட்டம் ஓடிப்போனா? போட்ட கையெழுத்து அங்கயேதான கெடக்கும்?"

அது உறைத்தது. இண்டூரில் இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடித்தார்.

அறுவை மருத்துவர் தெரசா உட்காரச் சொன்னார். மாதையன் உட்காரவில்லை.

"நான் போட்ட கையெழுத்தத் திருப்பிக் குடுங்கம்மா."

"ஏன், யாரும் வெளக்கிச் சொல்லலையா?"

"எங்க போடறதுன்னு சொன்னாங்க."

டாக்டர் அவர் பைலை எடுத்து முன்னால் வைத்தார். பிறகு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"மண்டியில ஏலம் கூவறனுங்க."

டாக்டர் பைலைப் புரட்டினார். அதில் யாரோ 'விவசாயக் கூலி' என்று எழுதியிருந்தார்கள். "இத நான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு தாளில் சுரப்பியையும் அதன் பின்னால் ஓடும் நரம்பையும் வரைந்தார்.

"நூத்துல ஒருத்தருக்கு நிரந்தரமா பாதிக்கலாம். அஞ்சாறு பேருக்குச் சில மாசம் குரல் கம்மும். நரம்புக்கு ஒண்ணும் ஆகலைன்னாலும், ஒசந்த குரல்ல கத்தறது கஷ்டமாகலாம்."

"அந்த ஒருத்தன் நானா இருந்தா?"

"இருக்க மாட்டீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

"எடுக்காம வுட்டா?"

"புத்துநோயா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எடுத்துப் பாத்தாத்தான் உறுதியா தெரியும். ஆனா நாளைக்கே செய்யணும்னு இல்ல. வீட்டுக்குப் போயி யோசிங்க."

பழைய காகிதத்தின் குறுக்கே கோடு போட்டு ரத்து என்று எழுதினார்.

அதன்பின் ஒன்பது நாள் மாதையனுக்கு எதிலும் பிடிப்பில்லை. ஏலத்தின் நடுவே திடீரென்று நிறுத்தித் தன் குரலைத் தானே கேட்பார். வியாபாரிகள் கத்துவார்கள். ராமக்காளிடம் யோசனை கேட்டால், "உங்க தொண்ட. நான் சொல்ல மாட்டேன்" என்று நகர்ந்துவிடுவாள். ஒருநாள் தண்ணீர் குடிக்கும்போதே அடைத்துக் கண் பிதுங்கியது. மறுநாள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்ந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். கையெழுத்துக்கு மேலே, 'குரல் போகலாம் என்று சொன்னார்கள், புரிந்துகொண்டேன்' என்று தன் கையாலேயே எழுதினார்.

ஆபரேஷனில் எடுத்ததைச் சோதித்ததில் அது சாதாரணக் கட்டி என்று வந்தது. சோறு இப்போது தடையில்லாமல் இறங்குகிறது. நரம்புக்கும் சேதமில்லை. ஆனால் மூன்று மாதம் கிசுகிசுத்துத்தான் பேசினார். பிறகு பேச்சு வந்தது, கூவும் குரல் மட்டும் வரவில்லை. ஏலத்தை இப்போது அவர் பங்காளி கூவுகிறார். மாதையன் காய் தரம் பிரிக்கிறார். கூட்டம் சேர்ந்ததும் கை காயில் நிற்பதில்லை. எழுந்துவிடுவார். ஒருநாள் தாளாமல் தானே கூவிப் பார்த்தார். மூன்றாவது விலையிலேயே குரல் உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

போன வாரம் பரிசோதனைக்குப் போய்த் திரும்பும்போது ராமக்காள் கேட்டாள், "கையெழுத்துப் போட்டது தப்புன்னு நெனைக்கறீங்களா?"

"தெரியாம போட்டிருந்தா டாக்டரத் திட்டிட்டாவது கெடப்பன். இப்ப ஆரத் திட்டறது?" என்றார் மாதையன். கொஞ்சம் பொறுத்து, "கட்டியோட இருந்திருந்தாலும் தூங்கியிருக்க மாட்டன்" என்றார். பஸ் வந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் பாப்பாரப்பட்டிவரை நின்றுகொண்டே வந்தார்.