திரேஸ்புரத்தில் ஐஸுக்குக் காத்திருந்த ஒரு மணி நேரம்

காலை ஆறே கால். ஆத்தூர் கொடிக்காலை விட்டு நடக்கத் தொடங்கி அரை மணி ஆகியிருந்தது. மூன்று வாரம் வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே ஈரத்தில் நின்றதில் கால்விரல் இடுக்கெல்லாம் புண். வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பையும் இப்படித்தான் பாதியில் விட்டேன்.

ஆற்றுப் பாலம் தாண்டி முக்காணியில் டீ பன்னிரண்டு ரூபாய், இரண்டு வடை பதினாறு. தூத்துக்குடி இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர் என்றார் கடைக்காரர். பஸ்ஸில் போகலாம், ஆனால் நடந்தால் அந்தக் காசு ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஆகும்.

எட்டு மணிக்குப் பழையகாயல் தாண்டி உப்பளங்களின் வெள்ளைக் குவியல்கள் தெரிய ஆரம்பித்தபோது, சாலையோரம் ஒரு குட்டி லாரி நின்றது. ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளைக் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. சாயப்போன பெட்டி ஒன்றை ஒரு பெண் முதுகால் தாங்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் பெரிய ஹெட்போன்.

"ஏலே, சும்மா பாத்துட்டு நிக்க? ஏறிப் பிடி!" என்றார் டிரைவர் சுடலை அண்ணாச்சி. பிடித்தேன். தூத்துக்குடித் திரேஸ்புரம் கடற்கரை வரை பிடித்துக்கொண்டே வந்தால் மத்தியானம் மீன் குழம்புச் சோறு என்று பேச்சு.

அந்தப் பெண்ணின் பெயர் டெல்மா. பின்னால் பெட்டிகளுக்கு நடுவே என்னோடு உட்கார்ந்து வந்தார். "நாசரேத்துக்குப் போய் இந்தப் பெட்டிய எடுத்துட்டு வாரேன். டவுன்ல கிடைக்கிற பெட்டியில அடித்தாளம் சரியா வராது" என்றார். என்ன பாட்டுக்கு என்று கேட்டேன்.

"பாட்டு இல்ல. டெக்னோ. வார்த்தை கிடையாது. மெஷின் தாளம் மட்டும், நிக்காமப் போய்க்கிட்டே இருக்கும்."

அண்ணாச்சி முன்னாலிருந்து கத்தினார்: "தமிழ்நாட்டுலயே இத மொதல்ல போட்டது இந்த அம்மாதான், தெரியுமாலே? ஜெர்மனி, ஜப்பான்லாம் போய் வாசிச்சிருக்கு!"

டெல்மா தன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். வீடு திரேஸ்புரம் ஐஸ் பிளாண்டுக்கு எதிரே. பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒரு மைக் செட் கடையில் ஒயர் சுற்றும் வேலை. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் தாளம் கோக்கப் பழகியிருக்கிறார். பிறகு பெங்களூர், பகலில் கால் சென்டர், புதன்கிழமைகளில் ஒரு பாரின் மூலையில் வாசிப்பு. முதல் மாதம் கேட்க வந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் சர்வர். ஒருமுறை ஊருக்கு வந்தபோது எதிரே பிளாண்டில் ஐஸ் மெஷின் ஓடும் சத்தத்தைப் பதிவுசெய்து அதை வைத்தே ஒரு தாளம் செய்தார். ஐஸ் கட்டியை நொறுக்கும் அந்த மெஷினுக்கு ஒரு பல் உடைந்திருந்தது. மூன்று அடி கனமாக விழும், நாலாவது நொண்டும்.

"அந்த நொண்டிதான் எனக்குச் சோறு போட்டுது. ஜெர்மனியில ஒருத்தன் இது எந்த மெஷின்னு கேட்டான். ஐஸ் மெஷின்னேன். பாவம், அது ஏதோ தாள மெஷினோட பேருன்னு கடை கடையா ஏறித் தேடியிருக்கான்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு ஊர்ப் பேச்சுக்கு வந்தார்.

"எங்க ஊர்ல ஒரே ஒருவாட்டி போட்டிருக்கேன். இருபத்திரண்டு வயசுல, கோயில் திருவிழாவுல. நாலு நிமிஷம். மைக் செட் மொதலாளியே பிளக்கைப் பிடுங்கிட்டாரு. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான். எங்க அண்ணன் மீன்பிடிக்கப் புது வள்ளம் கட்டியிருக்கான். ஃபாதர் செபம் பண்ணி மந்திரிக்க வாரதுக்கு முன்ன நாலு மணியிலேந்து அஞ்சு வரைக்கும் எனக்குன்னு சொல்லியிருக்கான். சனம் எந்திரிச்சுப் போச்சுன்னா உடனே சினிமாப் பாட்டு."

ஒன்பதே காலுக்குத் திரேஸ்புரம். கடற்கரையில் வள்ளம் புது நீல வண்ணத்தில் மாலையோடு நின்றது. அண்ணன் ஸ்டீபன் பெட்டிகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "ஏளா, மானத்த வாங்கிராத. நாலு நிமிஷமாவது தாண்டுமா?" என்றார். டெல்மா ஒயர்களைப் பிரிக்கத் தொடங்கினார். பெட்டிகளை இறக்கி அடுக்கியதில் என் கால் புண் திறந்துகொண்டது. கடல் தண்ணீரில் கழுவினேன். எரிந்தது, பிறகு சரியாகிவிட்டது. சோற்றுக்குச் சூரைமீன் குழம்பு. குறை சொல்ல முடியாது.

நாலு மணி. டெல்மா ஆரம்பித்தார். கட், கட், கட், ஒரு நொண்டல். மணல் அதிர்ந்தது. கடற்கரையில் இருந்தது நாய்களோடு சேர்த்துப் பத்து உருப்படி.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சந்துகளிலிருந்து சனம் ஓடி வந்தது. மீன் விற்கும் பெண்கள், கடலுக்குப் போகிற ஆட்கள், எல்லாருடைய தலையிலும் இடுப்பிலும் காலி மீன் பெட்டி. அன்றைக்கு விசேஷம் என்பதால் ஐஸ் மெஷின் ஐந்து மணிக்குத்தான் ஓடும் என்று சொல்லியிருந்தார்களாம். மெஷின் சத்தம்தான் அங்கே ஐஸுக்கு மணி. அது கேட்டதும், மெஷினை முன்னாலேயே போட்டுவிட்டார்கள், பிந்தினால் ஐஸ் தீர்ந்துவிடும் என்று பதறி வந்திருக்கிறார்கள். வள்ளத்தருகே டீ குடித்துக்கொண்டிருந்த மெஷின்காரர் மிக்கேல், கிளாஸைப் போட்டுவிட்டு, "எந்தப் பய என் மெஷினைத் தொட்டது?" என்று பிளாண்டை நோக்கி ஓடினார்.

பிளாண்ட் பூட்டியிருந்தது. எல்லாரும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார்கள். டெல்மாவின் கை பட்டனில் அப்படியே நின்றது. ஸ்டீபன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐஸு எங்கேளா?" என்றார் முன்னால் நின்ற அந்தோணியம்மா, வாளை மீன் வியாபாரி.

"ஐஸு இல்லக்கா. சத்தம் மட்டும்தான்."

"வெறும் சத்தத்துக்கா எங்கள ஓட விட்ட? மூச்சு வாங்குது!"

திட்டினார்கள். ஆனால் யாரும் போகவில்லை. அங்கே வழக்கம் அப்படி: பெட்டியை வரிசையில் வைத்துவிட்டால் அது இடம் பிடித்த மாதிரி, எடுத்தால் இடம் போச்சு. எப்படியும் ஐந்து மணிக்கு ஐஸ் வேண்டும். ஆகவே பெட்டிகளைப் பிளாண்டு வாசலிலிருந்து கடற்கரை வரை வரிசையாகக் கவிழ்த்துப்போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார்கள். டெல்மா தாளத்தை நிறுத்தவில்லை.

நாலு நிமிஷம் தாண்டியது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அந்தோணியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஏ மிக்கேலு, நாலாவது அடி நொண்டுது பாரு. நம்ம மெஷின்தாம்ல இது!"

மிக்கேல் காதைத் தீட்டினார். "ஆமா, ஒடஞ்ச பல்லு" என்றார், சொந்தக்காரரை வெளியூரில் பார்த்த மாதிரி.

அதற்குப்பின் சனத்துக்குப் பிடி கிடைத்துவிட்டது. எங்கே நொண்டுகிறது என்று காத்திருந்து, சரியாக அந்த இடத்தில் பெட்டியில் கையால் ஓங்கி அடித்தார்கள். டெல்மா அந்த அடியை மட்டும் எடுத்துவிட்டு வெறுமையாக விட்டார். நூறு பெட்டிகள் அதை நிரப்பின. யாரோ ஒருத்தியின் கூடையில் மிஞ்சியிருந்த சாளை மீன் அதிர்வில் நகர்ந்தது. "செத்த மீனே ஆடுது, நீரு என்ன மாமா சும்மா இருக்கீரு?" என்று அவள் பக்கத்திலிருந்தவரைக் கிளப்பிவிட்டாள். அவரும் ஆடினார், மோசமாக.

ஐந்து மணி. மிக்கேல் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஸ்டீபன் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். அந்தோணியம்மா இரண்டு பேரையும் சேர்த்து அதட்டினார்: "இரும்வே! ஐஸு எங்கன ஓடிப்போகுது? இது முடியட்டும்."

மிக்கேல் உட்கார்ந்துவிட்டார். ஃபாதர் வந்து பத்து நிமிஷம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் காத்து நின்றார். டெல்மா முடித்தபோது சனம் கைதட்டவில்லை, பெட்டியைத் தட்டியது. அவர் ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஒரு மணி நேரம், பன்னிரண்டு நிமிஷம்" என்றார் என்னிடம்.

மறுநாள் காலை ஐந்தரை. மிக்கேலின் ஆள் ஒருவர் கேரளாவுக்குப் போய்விட்டதால், நாள் கூலி அறுநூறுக்கு ஐஸ் கட்டி தள்ளும் வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் கட்டியைத் தள்ளினேன். மெஷின் நொண்டிக்கொண்டு ஓடியது. பத்து நிமிஷம் ஆயிற்று. நொறுங்கிய ஐஸ் வாசலில் குவிந்து உருக ஆரம்பித்தது. ஒருவரும் வரவில்லை.

தெருவின் ஒரு மாடி ஜன்னலிலிருந்து அந்தோணியம்மாவின் குரல் கேட்டது: "டெல்மா, விடியாங்காட்டியே ஆரம்பிச்சிட்டியாளா? நல்லாத்தான் இருக்கு, போடு!"

மிக்கேல் என்னைப் பார்த்தார். "ஏலே, நீ கட்டியத் தள்ள வேண்டாம். தெருவுல போய்க் கத்து."

அப்படியாகத் திரேஸ்புரத்தில் என் முதல் வேலை, சந்து சந்தாக நடந்து, "பாட்டு இல்ல, ஐஸு! பாட்டு இல்ல, ஐஸு!" என்று கூவியதுதான்.