சித்தப்பாவின் வலது கை

கண்டி மலையில் கலஹாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான ஒரு லயத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஒரே கூரை, மலையிலிருந்து குழாயில் விழும் ஒரே பீலித் தண்ணீர். இதில் எங்கள் காம்பராவுக்கு மட்டும் பெருமையடித்துக்கொள்ள ஒன்று இருந்தது. அது சித்தப்பாவின் வலது கை.

சித்தப்பா என் அப்பாவின் கடைசித் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை. வேலை விட்டு வந்தால் அம்மா சுடும் ரொட்டியைக் கொதிக்கும் கல்லில் வெறும் விரலால் திருப்பிப் போடுவார். பீடி பற்றவைக்க அடுப்பிலிருந்து ஒரு நெருப்புத் துண்டைக் கையால் எடுத்து, அவசரப்படாமல் ஊதி, பற்றவைத்துவிட்டுத் திரும்ப அடுப்பில் வைப்பார். எனக்கு அப்போது எட்டு வயது. மற்றக் காம்பராப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து இதைக் காட்டுவது என் பொறுப்பு. “தள்ளி நின்னு பாருங்க, யாரும் தொடக் கூடாது” என்று சர்க்கஸ் முதலாளிபோல் முன்னால் நிற்பேன். சித்தப்பாவும் எனக்காகவே இரண்டாவது பீடி பிடிப்பார்.

எங்கள் இருவருக்கும் மட்டுமான விளையாட்டு ஒன்றும் இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் எலுமிச்சை முள்ளால் கையில் எங்காவது மெல்லக் குத்துவேன், எந்த இடம் என்று அவர் சொல்ல வேண்டும். முழங்கைக்குக் கீழே வெற்றிலை அகலத்துக்கு ஒரு வெளுத்த தேமல் இருந்தது. அங்கே குத்தினால் எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். ஒருநாள் ஜெயிக்கிற வேகத்தில் அழுத்திவிட்டேன். ரத்தம் வழிந்து மடியில் சொட்டிய பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ரத்தத்தைத் துடைத்தார். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“இத யார்கிட்டயும் சொல்லிறாத தாயி. ஒங்க அம்மாகிட்ட கூட சொல்லாத.”

கண்ணூறு பட்டுவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். சத்தியம் செய்து கொடுத்தேன். அதன்பிறகு அந்த விளையாட்டை அவர் விளையாடவே இல்லை.

தோட்டத்துச் சனங்கள் அந்தக் கைக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பவர்கள் கையில் வேப்பிலையைத் தடிப்பாக அடுக்கி அதன் மேல்தான் சட்டியை வைப்பார்கள். சித்தப்பாவுக்கு நாலு இலை போதும். அம்மன் அவர் கையில் குடியிருக்கிறாள் என்றார்கள். குடியிருந்தது வேறு.

அது யார் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. காதுமடலைக் கீறி எடுத்த ஈரத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால், நீலத்துக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகச் சின்னக் குச்சிகள், பீடிக் கட்டைப் பிரித்துப் போட்டதுபோல் கிடக்கும். பெருநோய்க் கிருமி. அதற்கு அவசரமே கிடையாது. ஒன்று இரண்டாக இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். உடம்பில் குளிர்ந்த இடங்களாகத் தேடும்: காது, மூக்கு, கை, கால். நரம்பு இழையைச் சுற்றி, கரண்ட் கம்பிக்கு ரப்பர் உறைபோல, உறையாகிற உயிரணுக்கள் உண்டு. அவற்றில் ஒட்டிக்கொண்டு, உள்ளே புகுந்து, வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் இருக்கும். உறை கெட்டால் செய்தி போகாது. சூடு பட்டாலும் மூளைக்குத் தெரியாது. இதில் ஒரு கொடுமை உண்டு. நரம்பைக் கெடுப்பது கிருமி மட்டுமில்லை. கிருமியைத் துரத்த வருகிற நம் உடம்பின் காவல் அணுக்களே உறையைக் கிழித்து, நரம்பையும் நாசமாக்கிவிட்டுப் போகும். பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது மற்றவர்கள் இரண்டு முறை கேட்டார்கள். காவலுக்கு வந்தவர்களே கலவரக்காரர்களோடு நின்ற எண்பத்து மூன்றின் ஆடிக் கலவரத்தைப் பார்த்திருந்த எனக்கு ஒரு தடவையிலேயே விளங்கிவிட்டது.

அந்த ஆடியில் கண்டி டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லயம் முழுவதும் எரிந்தது. எங்கள் லயத்துக்கும் ஆட்கள் ஏறி வந்தார்கள். நாங்கள் தேயிலைச் செடிகளுக்குள் படுத்திருந்தோம். அவர்கள் பாதி மலை ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. கொண்டுவந்த பந்தங்கள் அணைந்து, அவர்கள் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். அந்த மழையை அனுப்பியது மாரியம்மன்தான் என்பதில் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. நேர்த்திக்கடன் செலுத்த வேண்டும் என்றார்கள். சித்திரைத் திருவிழாவில் ஒரு வேப்பிலைகூட இல்லாமல் தீச்சட்டி எடுக்க வேண்டும். யார் எடுப்பது என்ற கேள்வியே எழவில்லை.

கோயில் தலைவர் வீடு தேடி வந்து கேட்டபோது சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாடா யோசிக்கிற? ஒனக்கென்னா சுடவா போகுது” என்றார் அப்பா.

“சரிங்கண்ணே” என்றார் சித்தப்பா.

அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் அரை மைல் நடந்து வந்தவர் அவர். ஆனால் பெருநோய் என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால், பீலியில் எங்களைத் தண்ணீர் பிடிக்க விடமாட்டார்கள். அம்மன் என்றே இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

திருவிழாவன்று வலது உள்ளங்கையில் சட்டி, இடது கையில் வேப்பங்குலை. ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை நான் பக்கத்திலேயே ஓடினேன். கோயிலில் சட்டியை இறக்கியபோது உள்ளங்கைத் தோல் சட்டியோடு போய்விட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். சித்தப்பா தன் கையை யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போலப் பார்த்தார். நானும் பெருமையாகப் பெண்களோடு சேர்ந்து குலவையிட்டேன்.

மஞ்சளும் திருநீறும் பூசிப் பார்த்தார்கள். பத்து நாளில் கை வீங்கி நாற்றம் எடுத்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில், தீக்காயம், பெரியாஸ்பத்திரிக்குப் போகவும் என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். பெரியாஸ்பத்திரி இருக்கும் பேராதனைக்குப் போகிற வழியில் ராணுவம் பஸ்ஸை மறிக்கிற காலம் அது. சித்தப்பாவிடம் அடையாள அட்டை கிடையாது, தோட்டத்தில் பாதிப்பேருக்குக் கிடையாது. அப்பா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சின்னப் பிள்ளையோடு போகிற ஆளைச் சந்தேகப்படமாட்டார்கள். அதுவும் கீழ்க் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடிச் சிங்களம் பழகிய பிள்ளை. இப்படியாக நான் காவலுக்குப் போனேன்.

பஸ்ஸில் ஏறிய சிப்பாய் முதலில் சித்தப்பாவின் கையில் சுற்றியிருந்த துணிக் கட்டைத்தான் பார்த்தான். அவிழ்க்கச் சொன்னான். டிஸ்பென்சரியில் கொடுத்த துண்டைக் காட்டினோம். இளந்தாரித் தமிழன், கருகிய கை, அட்டை இல்லை. தீக்காயம் என்று எழுதியிருந்ததே வினையானது. குண்டு செய்தபோது வெடித்ததா என்று என்னிடம் கேட்டான். கோயில், நெருப்பு, சாமி என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். வந்தவர் வயதானவர், அமைதியாகவே இருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே புண்ணின் நடுவில் அழுத்தினார். சித்தப்பாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. இன்னும் அழுத்தினார்.

“ரிதென்னெ நெத்த?” என்றார். வலிக்கவில்லையா என்று கேட்கிறார்.

சித்தப்பாவுக்கு அந்த அளவு சிங்களம் தெரியும். வாயைத் திறந்தார், ஏதோ சொல்ல நினைத்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். லயத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று, அவருக்கு என்ன செய்தாலும் வலிக்காது என்று சிங்களத்தில் சொன்னேன். வேண்டுமானால் முள்ளால் குத்திப் பாருங்கள், நான் குத்தியிருக்கிறேன் என்றும் சொன்னேன். அம்மாவிடம்கூடச் சொல்லாமல் காப்பாற்றிய சத்தியம் அது.

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்படிப்பட்ட பயிற்சி எடுத்தவனுக்கு இப்படி இருக்கும் என்று அவர்கள் நினைத்தது எனக்கு எப்படித் தெரியும்? சித்தப்பாவை இறங்கச் சொன்னார்கள். பஸ் திரும்பி வரும்போது கண்டக்டர் என்னைக் கலஹாவில் இறக்கிவிட்டார்.

பதினொரு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தார். வலது கையில் மூன்று விரல் மடங்கியிருந்தது, இரண்டு பாதியாகியிருந்தது. அங்கே யாரோ ஒரு டாக்டர் காதைக் கீறிப் பார்த்து மாத்திரை கொடுத்தாராம். அந்த ஒரு விஷயத்தில் சிறைக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் நோய் செய்தது எவ்வளவு, அவர்கள் செய்தது எவ்வளவு என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

“தெரியலண்ணே” என்றார் சித்தப்பா. “கைய எனக்குத் தெரியாதுல்ல. மத்த எடந்தான் தெரிஞ்சிச்சு.”

பஸ்ஸில் நான் சொன்னதை அவர் கடைசிவரை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்று கிளினிக்கில், எங்கே தொட்டார்கள் என்று சொல்வதற்காக நோயாளிகள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன்னால் அவர் இடது கையை என் தலையில் வைத்தார். அது நல்ல கை, சூடும் குளிரும் தெரிகிற கை. அது நடுங்கிக்கொண்டிருந்தது. பஸ் குலுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். பஸ் நின்று வெகுநேரமாகியிருந்தது. வலி தெரியாதவருக்குப் பயமும் தெரியாது என்று நான் நம்பியிருந்ததால், சிரித்துக்கொண்டே அவருக்குக் கையாட்டினேன்.