நிரப்பாத படிவம்

கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார் துறைத்தலைவர் மேடம். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் அது. அதற்கு மேலே முக்கால் பக்கம் வெறுமையாக இருந்தது. ராஜபாளையத்தில் நான் படித்த கல்லூரியின் விலங்கியல் துறை அறையில், மின்விசிறிக் காற்றில் அந்தத் தாள் படபடத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பட்டியல் இன, சிறுபான்மைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் கல்லூரி ஒரு மீன்பண்ணையோடு சேர்ந்து விண்ணப்பித்தால் அரசு மானியம் கிடைக்கும். துறைக்குப் பின்னால் மீன் தொட்டிகள் கட்டலாம். எங்களில் பன்னிரண்டு பேருக்குப் பண்ணையில் ஆறு மாதப் பயிற்சி. மாணவர் சார்பில் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்பதால் மேடம் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"பண்ணை விவரம் இன்னும் வரலப்பா. இன்னைக்குத்தான் கடைசி நாள். நீ போட்டுட்டுப் போ, நான் நிரப்பிக்கிறேன்."

நான் பேனாவை எடுக்கவில்லை. பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் தறி ஓட்டிய என் அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். ஒரு நாள் வெள்ளைத் தாளில் அந்தப் பெயரை எழுதி வாங்கினார்கள். மறுவாரம் அது, அவராகவே வேலையை விட்டுப் போவதாகச் சொல்லும் கடிதமாகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள் அவர் சொன்னது ஒன்றுதான்: "ஏலே, எழுத்து இல்லாத தாள்ல கை வச்சிராத."

போதாததற்கு, அந்தப் பண்ணைக்காரர் மேடத்தின் கொழுந்தனார். எங்கள் சாதிச் சான்றிதழ் நகல்கள் ஏற்கெனவே மேடத்தின் மேசைக்குள் இருந்தன. எங்களைக் காட்டி யாருக்கோ குளம் வெட்டுகிறார்கள் என்று தோன்றிவிட்டது.

"நிரப்பின பொறவு போடுதேன் மேடம்."

மேடம் தாளை எடுத்து மேசைக்குள் வைத்தார். "சரிப்பா, கிளாசுக்குப் போ" என்றார். விண்ணப்பம் போகவில்லை.

டவுன் பஸ்ஸில் உடன்படித்தவன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "கலெக்டர் கையெழுத்துகூட கெடச்சிரும்ல. இவரு கையெழுத்துக்குத்தான் மனு போடணும்." பயிற்சியை நம்பியிருந்தவன் அவன். மறுவருடம் மில்லில் சேர்ந்தான்.

மேடம் என்னைத் திட்டவே இல்லை. அதுவே சந்தேகத்தை வளர்த்தது. நேர்மையான ஆளுக்குக் கோபம் வந்திருக்காதா? ஆனால், ஏமாற்ற நினைத்தவர் என்றால் பக்கத்து வகுப்பில் இன்னொருவனிடம் ஐந்து நிமிடத்தில் வாங்கியிருக்கலாமே? ஏன் வாங்கவில்லை? கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

இப்போது அதே மாதிரி ஒரு திட்டத்தில் நான் களப்பணியாளன். போன வாரம் வேறொரு கல்லூரியில், ஒரு மாணவியிடம் படிவத்தை நீட்டினேன்.

"இங்க ஒண்ணுமே எழுதலியே சார்?"

"நேரமாச்சும்மா. நீ போடு, நான் நிரப்பிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவள் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டாள். "எங்கம்மா வையும் சார்."

அந்த நிமிடம் என் மனதில் களவு இல்லை, அவசரம்தான். மேடத்துக்கும் அப்படித்தானோ? சொல்ல முடியவில்லை. என் சொந்தத்தில் யாருக்கும் மீன்பண்ணை கிடையாது.

நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்தேன். எழுதிய ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பண்ணையின் பெயர் வந்ததும் நிறுத்தினாள்.

"இவரு ஒங்களுக்கு யாரு சார்?"

"யாருமில்லம்மா."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கச் சொன்னாள்.