கட்டைவிரல்காரி

வலது தோளில் பை தொங்குகிறது. வலது கையில் குடை. இடது கையில் கண்ணாடி கீறல் விட்ட ஒரு பழைய போனைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலால் மட்டும் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். உச்சி வெயில். குடையை விரிக்கவில்லை. விரித்தால் திரையில் நிழல் விழுந்துவிடுமாம். வெயிலில் எழுத்து தெரிகிறதா என்பதுதானே பரீட்சை! நடைபாதையில் போகிறவர்கள், இந்த அம்மாளுக்கு என்ன கஷ்டமோ என்று ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். கட்டைவிரல் ஓரிடத்துக்கு எட்டவில்லை. மறுபடியும் நீட்டிப் பார்க்கிறார். எட்டவில்லை. “அறிவிருக்கா?” என்று வாய்விட்டே திட்டுகிறார். திட்டு போனுக்கு அல்ல, அந்தப் பக்கத்தை வடிவமைத்த ஆளுக்கு. வடிவமைத்தவர் அவரேதான்.

சின்னச் சின்னக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது அவர் தொழில். சலவைக்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, பல் வைத்தியர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி, இப்படி. ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவருக்கு ஓர் அறை. அதில் ஒரு மேஜை எனக்கு. அவர் செய்யும் பக்கங்களுக்கு வாசகம் எழுதித் தருகிறவன் நான். “எழுத்தாளரே” என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எத்தனை பங்கு, நக்கல் எத்தனை பங்கு என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கட்டைவிரல்காரி என்ற பெயரை வைத்தது கீழே இருக்கும் ஜெராக்ஸ்காரர். அது இந்த அம்மாளின் காதுக்கு எட்டியபோது கோபித்துக்கொள்ளவில்லை. “வச்சுட்டுப் போகட்டும். அந்த ஆளோட வெப்சைட்டும் நான் பண்ணதுதான், கட்டைவிரலுக்கு நல்லாவே எட்டுது” என்றார்.

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தால் பழைய போன்களின் ஆஸ்பத்திரி. ஒன்றுக்குத் திரை கீறல், ஒன்றுக்கு பேட்டரி வீங்கியிருக்கிறது, ஒன்று அடிக்கடி தானே அணைந்துவிடும். புதிய போனில் எதையும் சோதிக்க மாட்டார். “புதுப் போன்ல எல்லாம் அழகாத்தான் தெரியும். கடைக்கு போன் பண்றவன் கையில இருக்கறது இதுதான். பஸ்ல ஒரு கை கம்பியப் பிடிச்சிருக்கும், இன்னொரு கைதான் மிச்சம்” என்பார்.

கோபம் அவருக்கு மூக்கின் மேல். ஆனால் வீணான கோபம் என்று ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பக்கம் திறந்ததும் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி குதித்து, மின்னஞ்சல் முகவரி கேட்குமே, அதைக் கண்டால் பல்லைக் கடிப்பார். “கடைக்குள்ள கால வைக்கறதுக்குள்ள வாசல்லயே மறிச்சு விலாசம் கேப்பீங்களா?” பல் வைத்தியர் ஒருவர், யாரோ இரண்டு கோட்டுக்காரர்கள் கைகுலுக்கும் படத்தை முகப்பில் போடச் சொன்னார். “இவங்கள்ல யாருக்கு சார் பல்வலி?” என்று கேட்டுவிட்டார். கார் பள்ளிக்காரருக்குத் திரையின் குறுக்கே ஒரு கார் ஓட வேண்டும். அது ஓடி முடிப்பதற்குள் வந்த ஆள் ஓடிவிடுவான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பள்ளிக்காரர் கேட்கவில்லை. “என் மச்சான் பார்த்துட்டு ஏதோ குறையுதுன்னாரு மேடம்” என்றார். ஊரில் வெப்சைட் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே எல்லோர் வீட்டிலும் ஒரு மச்சான் இருக்கிறார். “உங்க மச்சானா சார் கார் ஓட்டக் கத்துக்க வரப்போறாரு?” என்று கேட்டதில் அந்த வேலையே கைவிட்டுப் போயிற்று. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

அவர் உயிராக மதிக்கும் சமாசாரம் ஒன்றே ஒன்று. ‘இப்போதே பேசுங்கள்’ என்ற பட்டன். திரையின் அடியில், கட்டைவிரல் தானாக வந்து உட்காரும் இடத்தில் அது இருக்கும். பக்கத்தை எவ்வளவு தள்ளினாலும் கூடவே வரும். அழுத்தினால் கடையில் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணை எழுத்தில் காட்டவே மாட்டார். “நம்பரப் பார்த்து, மனப்பாடம் பண்ணி, திரும்பவும் அமுக்கணுமா? அதுக்குப் பேரு வேலை வாங்கறது” என்பார். வேலை முடிந்ததும் கடைக்காரர் குடும்பத்தை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்பார்: “இதெல்லாம் உங்க வீட்ல யாரு பாத்துப்பாங்க?” எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்புவார்கள். அங்கே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு மருமகனோ சித்தப்பா மகனோ உட்கார்ந்திருப்பார். கடை நேரம், படம், போன் எண் எல்லாவற்றையும் மாற்றுவதற்கான பாஸ்வேர்டு அந்த ஆள் கைக்குப் போய்விடும். அதன்பிறகு அந்தப் பக்கம் இவர் தலைவைத்தும் படுப்பதில்லை. அடுத்த கடை, அடுத்த சண்டை.

போன வாரம் அவருக்கு ஒரு போன் வந்தது. திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கும் ஓர் அக்கா. ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஒற்றை அறையில் கடை. அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. அந்த வெப்சைட்ட எடுத்துடுங்க. அதுலேர்ந்து ஒரு போன்கூட வரல. இந்த மாசத்தோட கடையே விட்டுடறேன்.”

கட்டைவிரல்காரியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவர் பெற்ற பிள்ளையைத் திருடன் என்று யாரோ சொல்லிவிட்டது போல எழுந்துவிட்டார். பையைத் தூக்கினார். என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் எனக்குத்தான் அர்ச்சனை. “நீங்க எழுதின வாசகமாத்தான் இருக்கும் எழுத்தாளரே. ‘மனதுக்கிதமான மறைப்புகள்’னு எழுதினீங்களே, ஞாபகம் இருக்கா? யாருக்காவது புரியுமா அது?” எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அந்த வாசகத்தை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கடையில் துணிச்சுருள்கள் பாதி அலமாரியிலும் பாதி அட்டைப்பெட்டிகளிலும் இருந்தன. கழுத்தில் அளவு நாடா தொங்க, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, அந்த அக்கா கடைசியாக ஒப்புக்கொண்ட ஒரு சோபா உறையைத் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் வெட்டுமேஜை மேல் மல்லாந்து கிடந்தது. கட்டைவிரல்காரி உள்ளே போகவில்லை. வாசல் வெயிலில் நின்றபடியே பழைய போனில் பக்கத்தைத் திறந்தார். திறந்தது. எழுத்து தெரிந்தது. படங்கள் வந்தன. என் வாசகத்தையும் படித்துவிட்டு, “பரவால்ல” என்றார். பிறகு பட்டனை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார்.

மேஜை மேல் இருந்த போன் அடிக்கவில்லை. ஆனால் யாரோ எடுத்துவிட்டார்கள்.

“வணக்கம், சொல்லுங்க. திரைச்சீலைக் கடைதான்.” ஆண் குரல்.

இவர் ஒரு வினாடிகூடத் தடுமாறவில்லை. “ஜன்னலுக்குத் தைக்கணும். வந்து அளவெடுப்பாங்களா?”

“தைக்கிற அக்கா இப்ப வேலை எடுக்கறதில்லீங்க. பாவம், கண்ணு சரியில்ல. நீங்க ஏன் அலையணும்? நம்ம கடையில ரெடிமேடாவே நெறைய இருக்கு. அடுத்த தெருதான், வந்து பாருங்களேன்.”

என்ன பணிவு! என்ன தேன் ஒழுகும் பேச்சு! அந்தப் பணிவைக் கேட்டுத்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தையல் இயந்திரம் நின்றுவிட்டது. அந்த அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவைத்தார்.

“என் கண்ணுக்கு என்ன?” என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. பிறகு, “அது என் தம்பி குரல்” என்றார்.

அவரே தம்பிக்கு போன் போட்டார். “உடனே வா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி வரும் வரைக்கும் கட்டைவிரல்காரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் தாழ்ந்த குரலில் சொன்னார்: “சாவிய அவன் கையில குடுத்தது யாரு? நான். ‘யாரு பாத்துப்பாங்க’ன்னு கேட்டேன், அவன் கைய நீட்டினான், குடுத்துட்டேன். பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க இந்த அக்கா. கடை அவங்களுது. நான் அவங்க மூஞ்சியக்கூடப் பார்க்கல. நம்பரையும் மறைச்சு வச்சேன் பாருங்க, அவன் மாத்தினது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாம போறதுக்கு வசதியா.” அவர் தன்னைத் திட்டிக்கொள்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் குரல் தெருவுக்கே கேட்கும். இந்த முறை எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

தம்பி சிரித்துக்கொண்டே வந்தார். எங்கள் இருவரையும் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. விஷயம் வெளிப்பட்டதும் முகம் சிவந்ததா, தலை குனிந்ததா என்றால், அதெல்லாம் இல்லை. சப்பைக்கட்டு கட்ட ஆரம்பித்துவிட்டார்.

“நீ ஒத்தை ஆளா கஷ்டப்படுறியேன்னுதாங்கா. போன் மேல போன் வந்தா உன்னால சமாளிக்க முடியுமா? யார் எடுத்தா என்ன, எல்லாம் ஒரே குடும்பம்தானே!”

ஒரே குடும்பம்! இந்த இரண்டு சொற்களைச் சொல்லிக்கொண்டே எத்தனை அக்காக்களின் கையில் இருந்ததைப் பிடுங்கியிருக்கிறார்கள்! பிடுங்கியதோடு விடாமல், பிடுங்கியது உன் நன்மைக்குத்தான் என்று நன்றியும் எதிர்பார்ப்பார்கள்.

“ஒரே குடும்பம்தான்” என்றார் கட்டைவிரல்காரி. “அதனால அவங்களுக்கு வர்ற போனை உங்க கடைக்குத் திருப்பினீங்க. உங்களுக்கு வர்ற போனை ஒரு நாளாவது இங்க திருப்பினீங்களா தம்பி?”

“மேடம், இது எங்க வீட்டு விஷயம்.”

“வீட்டு விஷயத்த வீட்ல வச்சுக்குங்க. இது நான் செஞ்ச பட்டன்.”

அக்கா தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து வந்தார். சத்தம் போடவில்லை. “தினம் மத்தியானம் இந்த போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன்டா. சத்தம் கம்மியா இருக்கோன்னு ஏத்தி வைப்பேன். அப்புறம் என் தையல்தான் யாருக்கும் பிடிக்கலைன்னு நெனச்சேன். இத்தனை வருஷமா தைக்கிறேன், எனக்குத் தைக்கவே வராதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். கடைய விடறேன்னு சொன்னப்போ நீ என்ன சொன்ன? ‘நம்ம கடைக்கு வந்துடுக்கா, ரெடிமேடுக்கு ஓரம் மடிச்சுக் குடுத்துட்டு இரு’ன்னு சொன்ன. உனக்குக் கண்ணுல தண்ணி வேற!”

தம்பி தூசு இல்லாத சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

கட்டைவிரல்காரி அந்த இடத்திலேயே தம்பியிடம் பாஸ்வேர்டை வாங்கி உள்ளே நுழைந்து எண்ணை மாற்றினார். அதோடு, பட்டனுக்கு மேலே அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டார். தன் கொள்கையைத் தானே அழித்ததில் அவருக்குத் துளி வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. பட்டனை அழுத்தினார். மேஜை மேல் போன் அடித்தது. ஏற்றி வைத்திருந்த சத்தம், அந்தச் சின்ன அறையையே தூக்கிவிடும் போல இருந்தது. அக்கா அதை எடுக்கவில்லை. அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “கட்டட ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன். கடைய விடல” என்றார்.

அப்போதாவது தம்பி சும்மா போயிருக்கலாம். “சரிக்கா, ஆனா பாஸ்வேர்டு மட்டும் எங்கிட்டயே இருக்கட்டும். நீ மறந்துடுவ” என்றார். இந்தத் தைரியத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டைவிரல்காரி பாஸ்வேர்டை மாற்றும் இடத்தைத் திறந்து, போனை அக்காவின் கையில் வைத்தார்.

“நீங்களே போட்டுடுங்க மேடம். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?”

“உங்களுக்குப் பிடிச்ச ஏதாவது நாலு வார்த்தை. நீங்கதான் போடணும். எங்கிட்டயும் சொல்லக் கூடாது.”

அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஒரு விரலால் முதல் எழுத்தைத் தேடினார். தம்பியின் கழுத்து லேசாக நீண்டது. கட்டைவிரல்காரி அவர் தோளைப் பிடித்து, தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார், நானும் திரும்பிக்கொண்டேன். கடைசியாகத் தானும் திரும்பிக்கொண்டார். எதிரே வெறும் சுவர்தான் இருந்தது. என்றாலும், கண்களை இறுக மூடிக்கொண்டார்.